பஞ்சாயத்தில் சேராத கார்

நான் அந்தக் காரில் ஏறியது பயணியாக அல்ல, பாரமாக.

"பின்னுக்குப் பாரம் இல்லாட்டி இது ஸ்நோவிலை அசையாது," என்றார் அத்தான், கராஜ் வாசலில் நின்று கைகளை ஊதிக்கொண்டு. "எஞ்சின் முன்னுக்கு. இழுவை பின்னுக்கு. பின்சில்லு ரெண்டும் நிலத்தை அமத்திப் பிடிச்சாத்தான் கார் போகும். நீ ஏறிப் பின்னுக்கு இரு."

"நான் என்ன அவ்வளவு பாரமோ?"

"இல்லை. அதுதான் அரிசியும் ஏத்துறன்."

அப்படித்தான், அண்ணாவின் கலியாணத்தன்று காலை, பட்டுச் சேலையும் பனிச் சப்பாத்துமாக, குத்தரிசி மூட்டை ஒன்றுக்குப் பக்கத்தில், முழங்கால் நாடியில் முட்ட நான் மடிந்து உட்கார்ந்திருந்தேன். அதைப் பின்னிருக்கை என்று சொன்னது அந்தக் காரைச் செய்தவர்களின் பெருந்தன்மை. கைப்பை வைக்கிற தட்டு அது. டிக்கிக்குள் இன்னும் சில மூட்டைகள். என் மடியில் வெள்ளித் தட்டம். அதில் கூறைச் சேலை. சேலைக்கு மேல் சிவப்புப் பெட்டியில் தாலிக்கொடி.

அத்தானின் பெயர் குகதாசன். மருந்துக் கடை வைத்திருப்பவர். வாரம் முழுவதும் ஒரு மாத்திரை கூடக்குறையாமல் எண்ணிக் கொடுக்கிற மனிதர், கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேறொருவராகிவிடுவார். இந்த நீல ஸ்போர்ட்ஸ் காரை வெளியே எடுப்பார். ஏரிக்கரை வரை ஓட்டுவார். திரும்பி வந்து குளிப்பாட்டித் துடைத்துப் போர்வை போர்த்து உறங்க வைப்பார். அவருடைய மனைவியும் என் மூத்த சகோதரியுமான தர்மினி அக்கா அதற்கு வைத்த பெயர் "கண்டறியாத கார்". அது மனிதன் கையால் ஓட்டப்படும் கார். அப்படிப்பட்டவை இந்த நாட்டில் மிகச் சிலதான் மிஞ்சியிருந்தன. பழம்பொருள் என்று தனி இலக்கத்தகடு கொடுத்து அரசாங்கம் அவற்றை விட்டுவைத்திருந்தது. அவற்றை யாராவது பனி கொட்டும் மாரிகாலத்தில் வெளியே எடுப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது.

மற்ற எல்லாக் கார்களும் தாமாகவே ஓடுபவை. தாமாக என்பதுகூடச் சரியில்லை, சேர்ந்து ஓடுபவை. வீதியில் இறங்கியதும் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். யார் முந்துவது, யார் பொறுப்பது, மோதல் தவிர்க்க முடியாது என்றால் யார் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எல்லாவற்றையும் கூடி முடிவெடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு நீளமான ஒரு அரசாங்கப் பெயர் உண்டு. எங்கள் ஆட்கள் அதைப் பஞ்சாயத்து என்றார்கள். பஞ்சாயத்து வந்த பிறகு வீதியில் சாவது என்பது மின்னல் விழுந்து சாவதைப் போல அரிதாகிவிட்டது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொன்னவர்கள் கனடாவைப் பார்த்ததில்லை. இங்கே தை பிறந்தால் வழி மூடும். ஆனாலும் எங்கள் கலியாணங்கள் தையில்தான் நடக்கும். அண்ணாவின் கலியாணத்துக்கு வேறு நாளும் இருக்கவில்லை. ஆரூரன் அண்ணாவுக்கு இது இரண்டாம் கலியாணம். முதலாவது பதிவோடு நின்று முறிந்துபோனது. பெண்ணின் தகப்பன் மகாலிங்கம் ஐயாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். மகள் சாருகா மூன்று வருடம் அழுது அடம்பிடித்த பிறகே அவர் கடைசியில் சாத்திரியாரிடம் போனார். சாத்திரியார் ஒரேயொரு முகூர்த்தம் எழுதிக் கொடுத்தார். தைச் சனிக்கிழமை, மத்தியானம் ஒன்றே காலுக்குள். அதைத் தவறவிட்டால் பெண்ணின் கிரகநிலை இரண்டு வருடத்துக்குச் சரியில்லை.

"அந்த மனிசன் ஒரு சாட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்குது," என்று அக்கா வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிசம் பிந்தினாலும் கடவுள் போட்ட தடையெண்டு சொல்லி மணவறையை விட்டுப் பெட்டையை எழுப்பிக்கொண்டு போயிடும்."

அப்படிச் சொன்ன அக்காதான் காலையில் எங்களைப் புறப்பட விடவில்லை.

பொன்னுருக்கு அக்காவின் வீட்டில் நடந்தது. ரொறன்ரோவுக்கு வடக்கே, ஏரியிலிருந்து பனி எழுந்து வந்து கொட்டுகிற பாரி நகரத்தில் அந்த வீடு. அங்கே உருக்கிய பொன்னில் செய்த தாலி, அங்கேயே சாமி அறையில் இருந்தது. அண்ணாவும் அம்மாவும் அப்பாவும் முதல்நாளே மண்டபம் இருந்த ஸ்காபரோவுக்குப் போய்விட்டார்கள். தாலியையும் கொடுத்துவிடலாம் என்று அத்தான் சொன்னார். இரவில் தாலியைத் தெருவில் கொண்டுபோகக் கூடாது என்றாள் அக்கா. சரி, விடியவே போவோம் என்றார். விடிந்தது. பனி தூறத் தொடங்கியிருந்தது.

"ராகு காலம் வருகுது. முடியட்டும்."

"எந்த ராகு காலம்? ஊர்க் கணக்கோ, இஞ்சத்தைக் கணக்கோ?"

"ரெண்டும்."

இரண்டு நாட்டு ராகு காலமும் முடியும்வரை நாங்கள் உடுத்திச் சோடித்துக்கொண்டு, சோபாவின் நுனியில் இருந்தோம். யன்னலுக்கு வெளியே பனி தூறலாக இருந்து மழையாகி, பிறகு வானமே கிழிந்து கொட்டுவதுபோல ஆனது. நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி எப்போதும் யாரோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது மெதுவாக விழும். இது அந்தப் பனி அல்ல. எதிர்வீடு முதலில் மங்கியது, பிறகு இல்லாமல் போனது.

ராகு காலம் முடிந்து நாங்கள் வீட்டுக் காரில் ஏறியபோது, பஞ்சாயத்து வீதியை மூடிவிட்டிருந்தது.

"ஸ்காபரோ கலியாண மண்டபம்," என்றாள் அக்கா.

கார் தன் அழகான செந்தமிழில் சொன்னது: "மன்னிக்கவும். வீதிகளில் கடும் பனி. தற்போது அவசியப் பயணங்களுக்கு மட்டுமே அனுமதி."

"இதைவிட என்ன அவசியம் வேணும்? கலியாணம்! தாலி என்ர தங்கச்சியின்ர மடியிலை இருக்கு!"

"மருத்துவம், தீயணைப்பு, பணி, இறுதிச் சடங்கு. உங்கள் பயணம் இவற்றில் எதில் அடங்கும்?"

அத்தான் அக்காவின் காதுக்குள் குனிந்தார். "செத்தவீடெண்டு சொல்லுமன். விடும்."

"வாயைக் கழுவுங்கோ! தாலியை வைச்சுக்கொண்டு பேசுற பேச்சோ?"

"அனுதாபங்கள்," என்றது கார். "இறந்தவரின் பெயரைக் கூற முடியுமா?"

"ஒருதரும் சாகேல்லை!" என்று அக்கா கத்தினாள். "ஒருதரும் சாகேல்லை, ஒருதரும் சாகவும் மாட்டினம், சனியன் பிடிச்ச காரே!"

"மகிழ்ச்சி. அப்படியானால் உங்கள் பயணம் அவசியமற்றது."

அம்மா ஸ்காபரோவிலிருந்து அழுதுகொண்டு பேசினாள். மண்டபத்தில் பாதிக் கதிரைகள் காலி. பக்கத்து வீதியில் இருப்பவர்கள் நடந்து வந்திருக்கிறார்கள். எங்களைக் கூட்டிவர அங்கிருந்து ஒரு காரும் கிளம்பாது. வைத்தீசக் குருக்கள் வடக்கே ஒரு வீட்டுப் பூசையை முடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார். கலியாணம் செய்துவைப்பது அவருடைய பணி என்பதால் அவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

"பாத்தியளோ," என்றாள் அக்கா. "ஐயருக்கு விட்டிருக்கு. தாலிக்கு விடேல்லை. தாலி இல்லாமல் அந்தாள் அங்கை போய் ஆருக்கு என்னத்தைக் கட்டிறது?"

அத்தான் கராஜின் மறுபக்கத்தில் போர்வைக்குள் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் அவர் பார்த்த திசையைப் பார்த்தாள்.

"விசரே உங்களுக்கு? உதிலை கோடையிலையே நான் ஏறுறேல்லை."

"இது ஒருதரிட்டையும் அனுமதி கேக்காது, தர்மினி."

அக்கா மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு சாமி அறைக்குப் போய் நான்கு தேசிக்காய் எடுத்துவந்து, வாசலில் இறக்கி நிறுத்திய நீலக் காரின் நான்கு சில்லுக்கும் முன்னால் வைத்தாள்.

நல்ல காரியத்துக்குப் போகும்போது வாகனம் தேசிக்காயை நசித்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் கார் நசிக்கவில்லை. அத்தான் கால் வைத்ததும் பின்சில்லு இருந்த இடத்திலேயே சுழன்றது. தேசிக்காயைப் பின்னால் எறிந்தது. கராஜ் கதவில் ஒரு ஈரப் பொட்டு விழுந்தது. இரண்டாம் தடவை கார் முன்னே போவதற்குப் பதிலாகத் தன் பின்பக்கத்தை மட்டும் இடதுபுறமாகக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வேலியை முகர்ந்து பார்த்தது.

"அதுக்கு ரயரும் கோடை ரயர்," என்றார் அத்தான். "குளிருக்குக் கல்லாப் போயிடும். பிடி இல்லை."

"இதை இப்பவோ சொல்லுறது?"

"முதல் சொல்லியிருந்தா ஏறியிருக்கமாட்டீர்."

நான் இறங்கி, வாசல் கால்மிதியை எடுத்துவந்து சில்லுக்குக் கீழே திணித்தேன். கார் கால்மிதியைத் துப்பிவிட்டு வீதிக்கு ஏறியது. நான் ஓடிப்போய், ஓடிக்கொண்டிருந்த காரில் கூறைத் தட்டத்தின் மேல் விழாமல் விழுந்தேன்.

அதற்குப் பிறகு நெடுஞ்சாலை வரை இருவரும் வாய் ஓயவில்லை.

"மெதுவாப் போங்கோ!"

"மெதுவாப் போனா ஏத்தத்திலை நிண்டிடும்."

"அப்ப கெதியாப் போங்கோ."

"கெதியாப் போனாச் சறுக்கும்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"கதையாமல் இருக்கிறது."

அக்கா கதையாமல் இருந்தாள், ஒரு வளைவு வரும்வரை. வளைவில் காரின் வால் எங்களை முந்தப் பார்த்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது: நான் இருந்த பின்பக்கம் ஒரு ஊஞ்சல்போல வெளியே வீசப்பட்டு, பக்கவாட்டு யன்னலில் வீதி நேரே எனக்கு முன்னால் தெரிந்தது. அத்தான் வால் போன பக்கமே ஸ்ரியறிங்கைத் திருப்பினார். கார் யோசித்தது. பிறகு மனமில்லாமல் நேரானது.

"முன்னாலை இழுக்கிற கார் மூக்கணாங்கயிறு கட்டின மாடு மாதிரி," என்றார் அத்தான். அவருடைய குரலில் இருந்தது பயம் அல்ல. இருபது வயது திரும்பியிருந்தது அவருக்கு. "இது பின்னாலை இருந்து தள்ளுது. தள்ளுறவனுக்கு முன்னாலை என்ன இருக்கெண்டு தெரியாது. நாங்கள்தான் சொல்ல வேணும். காலை அமத்தினாலும் சறுக்கும், சடாரெண்டு எடுத்தாலும் சறுக்கும்."

"உங்கட பிரசங்கத்தைக் கேட்டுச் சாகவோ நான் பட்டுடுத்தனான்?" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் தான் சொன்ன சொல் அவளுக்குக் கேட்டது. "முருகா, முருகா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நெடுஞ்சாலை முழுக்க வெறிச்சோடி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பணிக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தாதிமாரின் வாகனங்கள், கூரியர் வான்கள், பாரவண்டிகள். எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில், மணி கோத்த மாலைபோல. நாங்கள் ஏறியதும் அந்த மாலை அறுந்தது. முன்னால் போன வான் செம்மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது. அதற்கு முன்னால் போனதும் ஒதுங்கியது. அதற்கு முன்னால் போனதும்.

"பாத்தீரோ!" அத்தான் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி நன்றி சொன்னார். "மனிசன் ஓட்டுற காருக்கு இருக்கிற மரியாதை!"

"கையை ஸ்ரியறிங்கிலை வையுங்கோ."

நான் பின்கண்ணாடியின் பனியைச் சேலைத் தலைப்பால் துடைத்து வெளியே பார்த்தேன். எங்களுக்குப் பின்னால், வீதியின் இரு கரையிலும், பனிமேட்டுக்குள் அந்த விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. சில நேராக, சில சரிந்து. கார்த்திகை விளக்கீட்டு நாளில் படலையடியில் ஏற்றி வைத்த சுட்டி விளக்குகளைப்போல அவை ஒன்றன்பின் ஒன்றாக வெண்மைக்குள் மங்கிப் போயின. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். அதுதான் நான் நினைத்தது.

பாலம் ஒன்றின் கீழிறக்கத்தில் கார் முழுதாகச் சுழன்றது. இந்த முறையும் அத்தான் வால் போன பக்கம் திருப்பினார், கார் அதைப் பொருட்படுத்தவில்லை. அரிசி மூட்டை என் மேல் சாய்ந்தது. நான் தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வானம், தடுப்புச்சுவர், எங்களுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் கார், அதன் யன்னலில் ஒரு சால்வை, மறுபடி வானம். நாங்கள் நின்றபோது முகம் சரியாக ஸ்காபரோவைப் பார்த்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கார் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அது கரையில், மூக்குப் புதைந்து நின்றது. தூக்கி நின்ற ஒரு சில்லு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அத்தான், அந்தக் கார்..."

"வழி விட்டிருக்கு. பஞ்சாயத்துப் பாத்துக்கொள்ளும்."

"உள்ளுக்கு ஆரோ..."

"மயூரி," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "நேரம் என்ன?"

நான் நேரத்தைச் சொன்னேன். அத்தான் காலை மெல்ல வைத்தார். பின்சில்லுகள் ஒருகணம் தவித்து, பிடித்துக்கொண்டன.

மண்டப வாசலில் நாங்கள் இறங்கியபோது மேளகாரர் தவில்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிவந்து தட்டத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணா மணவறையில் இருந்தபடியே தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். அவன் அழுதிருந்தது தெரிந்தது. மகாலிங்கம் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் பெட்டியைத் திறந்து தாலியைப் பார்த்தார். பிறகு வெளியே பனிக்குள் நின்ற நீலக் காரைப் பார்த்தார்.

"உதிலையோ வந்தனீங்கள்?"

"உதிலைதான்," என்றார் அத்தான்.

"கெட்டிக்காரன்தான்," என்றார் மகாலிங்கம் ஐயா. அவர் எங்கள் குடும்பத்தில் எவரையும் பாராட்டியது அதுவே முதல் தடவை. உடனே ஐந்தாறு பேர் அத்தானைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கதையைத் தொடங்கினார். முதல் தடவை சொன்னபோது கார் ஒருமுறை சுழன்றது. தேத்தண்ணி வந்தபோது இரண்டு முறை. அக்காகூட அவருடைய தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள். "நல்லா ஓட்டினவர்," என்றாள், ஏதோ பல்லைப் பிடுங்கியதுபோல.

எல்லாம் இருந்தது. குருக்கள் இல்லை.

"வந்துகொண்டிருக்கிறார்," என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "போன் எடுக்கிறாரில்லை," என்றார்கள். மகாலிங்கம் ஐயா மீண்டும் கையைக் கட்டிக்கொண்டார். இப்போது அவர் மணிக்கூட்டை ஒளித்துப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி பார்த்தார். "ஒண்டு வந்தா ஒண்டு வரேல்லை," என்று யாருக்கும் சொல்லாமல் சொன்னார். "ஏதோ தடுக்குது." மணவறையில் சாருகா, குனிந்த தலையை நிமிர்த்தித் தகப்பனைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

சாருகாவின் தமையன் வாகீசன் வீதிக் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்பவர். அவர் ஒரு தூணோடு சாய்ந்து போனில் யாரோடோ பேசிவிட்டு, அத்தானின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

"அண்ணை, நெடுஞ்சாலையாலையோ வந்தனீங்கள்?"

"ஓமோம். எல்லாரும் எவ்வளவு மரியாதையா..."

"அவை மரியாதைக்கு ஒதுங்கேல்லை," என்றார் வாகீசன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "உங்கட கார் பஞ்சாயத்திலை இல்லை. அது என்ன செய்யப்போகுதெண்டு மற்றக் கார்களுக்குத் தெரியாது. கேட்டாலும் பதில் சொல்லாது. அப்பிடி ஒண்டு வீதிக்கு வந்தா, அதைச் சுத்தியிருக்கிற எல்லாத்தையும் விலத்தச் சொல்லித்தான் விதி. சும்மா நாளிலை விலத்தலாம். இண்டைக்கு விலத்த எங்கை இடம்? கரையிலை முழுக்க ஸ்நோ. அதுக்குள்ளை இறங்கினது."

"இறங்கினதெண்டா?"

"தானா. ஒவ்வொண்டா. நீங்கள் சறுக்கி வந்து அடிச்சா எவ்வளவு நட்டம், தானே போய்ப் புதைஞ்சா எவ்வளவு நட்டமெண்டு பாத்து, குறைஞ்சதைச் செய்திருக்கு. மொத்தத்திலை நட்டம் குறைவுதான்."

"ஆருக்குக் குறைவு?" என்றேன் நான்.

வாகீசன் என்னைப் பார்த்தார். "மொத்தத்துக்கு."

"அப்ப எங்களை மறிச்சிருக்கலாமே," என்றார் அத்தான். "ஏன் எங்களை மறிக்கேல்லை?"

"எப்பிடி மறிக்கிறது? உங்கட காரிலை அதுக்குக் கை இல்லை. சொல்வழி கேக்கிற காரைத்தானே அது அசைக்கலாம். வீட்டிலையும் அப்பிடித்தானே அண்ணை, கேக்கிற பிள்ளையைத்தான் விட்டுக்குடுக்கச் சொல்லுவம்."

"ஆருக்கும்..." என்று தொடங்கினார் அத்தான்.

"சாவு இல்லை. சிராய்ப்பு, தையல். கூரியர் வானிலை இருந்த ஒரு பொம்பிளைக்கு இடுப்பெலும்பெண்டு சொல்லுகினம். இன்னும் எல்லாரையும் எடுத்து முடியேல்லை." அவர் வாசலைப் பார்த்தார். "குருக்களின்ர காரும் அந்த வீதியிலைதான் வந்தது."

அத்தான் தன் கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். மறுபக்கத்தில் யாரோ, "அண்ணை, அந்தப் பாலத்தடிக் கதையை இவருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ," என்று கூப்பிட்டார்கள்.

வெள்ளைக் கார். யன்னலில் சால்வை. நான் அதைச் சொல்லவில்லை. அத்தானிடம் சொன்னால் அவர் அங்கேயே இருந்துவிடுவார். அக்காவிடம் சொன்னால் மண்டபத்துக்கே கேட்கும். மகாலிங்கம் ஐயாவுக்குக் கேட்டால் அவர் தேடிக்கொண்டிருக்கிற தடை கையும் காலும் முளைத்து அவர் முன்னால் வந்து நிற்கும். அண்ணா மணவறையிலிருந்து என்னைப் பார்த்து, என்ன என்று புருவத்தால் கேட்டான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது வாசலில் ஒரு பேரிரைச்சல் கேட்டது. பனி அள்ளுகிற பாரவண்டி ஒன்று, படிவரைக்கும் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. அதன் உயரமான கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய வைத்தீசக் குருக்கள், சாரதி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியாக இறங்கினார். வலது மணிக்கட்டின் கீழே பஞ்சாங்கத்தை மடித்து வைத்து, சால்வையால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"ஐயா, ஆஸ்பத்திரிக்கு..." என்று யாரோ தொடங்கினார்கள்.

"ஆஸ்பத்திரி இண்டைக்கு முழுக்கத் திறந்திருக்கும். முகூர்த்தம் திறந்திருக்குமோ?" அவர் ஏற்கெனவே மணவறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நெருப்பை மூட்டுங்கோ. மேளகாரரை எழுப்புங்கோ. ஒருதருக்கும் ஒரு அவசரம் இல்லை இந்த நாட்டிலை!"

மந்திரங்களைப் பாதியாகச் சுருக்கினார். நெய்யை வாகீசன் ஊற்றினார். வலி வரும்போது குருக்கள் ஒரு சொல்லை நீட்டுவார். தெரியாதவர்களுக்கு அது ராகம்போல இருந்திருக்கும். கெட்டிமேளம் கொட்டியது. அண்ணா தாலியைக் கட்டினான். மகாலிங்கம் ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், கையைக் கட்டவிழ்த்து, பூவை எறிந்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

பிறகு அறுகரிசி. அறுகம்புல்லும் அரிசியும் கலந்து மணமக்களின் காலிலும் தோளிலும் தலையிலும் தூவி வாழ்த்துவது. முதலில் குருக்கள் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள், பெரியவர்கள் தம்பதியாக. குருக்கள் வலக்கையைத் தூக்கப் பார்த்தார். அது பாதியில் நின்றது. அவருடைய முகம் சுருங்கி விரிந்தது.

"இடக்கையாலை போடுங்கோ ஐயா, பறவாயில்லை," என்றாள் அம்மா.

"இடக்கையாலை வாழ்த்துறதோ?" அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்வை அத்தானிடம் வந்து நின்றது. "தம்பி, நீர் இஞ்சை வாரும். என்ர முழங்கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியும்."

"நானோ ஐயா? வேற ஆரையும்..."

"வாசலிலை நிக்கிற நீலக் கார் உம்மடதுதானே?"

அத்தான் தலையை ஆட்டினார்.

"அப்ப நீர்தான் பிடிக்க வேணும்," என்றார் குருக்கள். கோபமாகச் சொல்லவில்லை. விளக்கைக் கொண்டுவாரும், தண்ணியைக் கொண்டுவாரும் என்று சொல்வாரே, அந்தக் குரல்தான்.

அத்தான் போனார். இரண்டு கைகளாலும் அவருடைய முழங்கையை ஏந்தினார். மாத்திரை எண்ணுகிற விரல்கள், ஒரு காலையில் ஒரு நெடுஞ்சாலையை முழுக்க ஒதுக்கிக்கொண்டு வந்த விரல்கள். மெல்ல உயர்த்தினார். குருக்கள் வீங்கிய விரல் நுனிகளால் அரிசியை அள்ளினார். கால், தோள், தலை. மூன்று முறை. அண்ணாவும் சாருகாவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். சறுக்கியது பிடித்த கையா, பிடிக்கப்பட்ட கையா என்று எனக்குத் தெரியவில்லை. அரிசியில் பாதி நிலத்தில் விழுந்தது.

"காணும் தம்பி," என்றார் குருக்கள். "இனி விடும். மற்றவை காத்துக்கொண்டு நிக்கினம்."

அத்தான் விடவில்லை.